திருவிழாத் தொண்டும் உயிர்க்காப்பும்

(ஆலயத் தொண்டர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்தியின் பெருமையைப் பற்றிப் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். எனக்கு இடப்பட்டுள்ள தலைப்பு அதுவன்று. ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு, திறந்த வெளியில், ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாவொன்றை நடத்தும்போது, வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதற்கு நாம் என்ன செய்தல் வேண்டும் என்பதே தலைப்பு. அரசாங்க அலுவலகத்தில் பணிபுரிபவனாதலால் படிவங்களைப் பற்றித்தான் பேசுவான் என்று எண்ணிவிடாதீர்கள். படிவம் பற்றி ஓரிரு சொற்கள் வரும், அவ்வளவே.

நம் நாட்டின் தைப்பூசத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் ரோட்டிலுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் பால்குடங்கள் புறப்படத் தொடங்குகின்றன. டோபி காட் வழியாக டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் கடைசிக் காவடி வந்து சேரும்போது மறுநாள் இரவாகிவிடுகிறது. இந்து அறக்கட்டளை வாரியமும் இரு ஆலயங்களும் நூற்றுக்கணக்கான தொண்டர்களைக் கொண்டே இப்பெருவிழாவை நடத்தி வருகின்றன. அந்த ஓர் இரவும் ஒரு பகலும் தொண்டர்கள் தெருவிலேயே உண்டு, தெருவோரத்திலேயே சற்றுக் கண்ணயர்ந்து பணியாற்றுகின்றனர். சாரணர்கள் காட்டில் பாசறை அமைத்துத் தங்குவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. கூடாரம், அடுப்பு, குடிநீர், கழிப்பறை, மழை, இருள், களைப்பு ஆகிய யாவும் ஈரிடத்தும் உண்டு. ஆனால், பாசறைத் தலைவரின் கையில் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு நோய், எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நம் விழாவுக்கு வருவோரின் தொகை நமக்குத் தெரியாது. அவர்களுள் இதய நோயாளர் எவர், இரண்டு நாளாக உண்ணா நோன்பு இருப்பவர் எவர் என்பதும் தெரியாது. பாசறைத் தலைவரைக் காட்டிலும் நாம் அதிகமாக முன்னேற்பாடு செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இவ்விடத்தில் தஞ்சையை நினைவூட்டுவது என் கடமை. 1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலில் குடமுழுக்கு ஏற்பாடுகள் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், கீற்று வேய்ந்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. உள்ளே பெருங்கூட்டம், வெளியேறும் வழியோ குறுகியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயில் வெந்தவர்களோடு, நெரிசலில் சிக்கி மாண்டவர்களும் அவர்களுள் அடங்குவர். ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் கருங்கல் கோயிலுக்கு எந்த ஊறும் இல்லை. சில நாட்களுக்கென எழுப்பிய பந்தல்தான் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே கோயிலில் அடுத்த குடமுழுக்கு 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நடைபெற்றபோது யாகசாலையைக் கோயிலுக்கு வெளியே அமைத்தார்கள். ஆகம விதிக்கு உட்பட்டே அவ்வாறு அமைக்க இயன்றது என்பதை நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டுகிறேன். இடையில் 2004ஆம் ஆண்டு சனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுக் கூரை தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணமகனும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். மூன்றிடத்தும் கீற்றும் குறுகிய வழியும் பெருங்கூட்டமும் ஒன்றுசேர்ந்திருந்தன.

சிங்கப்பூரில் நாம் கீற்றுப் பந்தல் போடுவதில்லை, ஆகவே அச்சமில்லை என்று சிலர் கூறக்கூடும். கீற்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் நெகிழித் துணிக் கூடாரம் இருக்கிறது. அதன் அடியில் எரிவாயு உருளை இருக்கிறது. மின்கம்பி தரையில் ஓடுகிறது. வழியை மறித்துக்கொண்டு அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாது. தரையோடு தவழ்ந்து கால்வாயில் இறங்கித் தங்கும். ஆதலால் உருளையைக் கால்வாயின் அருகில் வைத்தலாகாது. நிமிர்த்தி, சங்கிலியால் பிணைத்து, அடுப்பிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டால் சமையற்கட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் கை நீட்டிக் காட்ட வேண்டும். பந்தலுக்கு இரண்டு வழிகள், இரண்டும் எந்நேரமும் திறந்தவை. இதற்கு மேல் இதுபற்றிச் சொல்லத் தேவையில்லை.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. இத்தகைய நேர்ச்சிகள் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி, "நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை அன்று யாரிடம் இருந்தது?" என்பதாகும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தென்கொரியாவின் சோல் நகரில், இத்தேவோன் பகுதியின் சந்தொன்றில் நெரிசல் ஏற்பட்டு 150க்கும் மேற்பட்ட இளையர் மாண்டனர். அவ்விழாவுக்கு ஏற்பாட்டாளர் என்று எவரும் இல்லை. கூட்டம் பெருகுவதைப் பலர் கண்டனர். சிலர் பல மணி நேரம் முன்னரே காவல்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தனர். ஆயினும் சந்தின் வாயிலில் நின்று, இனி எவரும் உள்ளே வரவேண்டாம் என்று தடுக்கும் பொறுப்பு எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணம் மகாமகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டதையும், 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் கரூரில் நடைபெற்ற அரசியற் கூட்டத்தில் 41 பேர் மாண்டதையும் நீங்கள் அறிவீர்கள்.

நெரிசலில் மாள்வோர் பெரும்பாலும் மிதிபட்டு மாள்வதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு, மூச்சை உள்ளிழுக்க இயலாமல் மாள்கின்றனர். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை ஒருவர் தம் விருப்பப்படி திரும்ப இயலும். அதற்கு மேல் நெருங்க நெருங்கக் கூட்டம் நீரைப் போல் அலைபாயத் தொடங்குகிறது. அப்போது பின்னால் நிற்பவர் சற்றே தள்ளினாலும் முன்னால் நிற்பவர் மீது அது பெருஞ்சுமையாக இறங்கும். அந்நிலை வந்தபின் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பயனில்லை. முன்வரிசையில் நடப்பது பின்வரிசைக்குத் தெரியாது. தடுப்பதாயின் தொலைவிலேயே, கூட்டம் இன்னும் இளகியிருக்கும்போதே தடுத்தல் வேண்டும்.

நம் ஆலயங்களில் இது எளிதன்று என்பதை அறிவேன். நம்மவர்க்கு "முடியாது" என்று சொல்வது கூச்சம். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் நுழைபவர் பெரிய நன்கொடையாளராக இருப்பார். அல்லது தொண்டருக்குச் சித்தப்பா முறையாக இருப்பார். பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்; அறுபது வயதுப் பெரியவர் "சாமி பார்த்துக்குவார், விடுப்பா" என்கிறார். அவன் என்ன செய்வான்? கயிற்றைத் தூக்கிவிடுவான். அவனைக் குறை கூறுதல் தகாது. அவன் கையில் நாம் கயிற்றைத்தான் கொடுத்தோம், அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

எனவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு விழாவுக்கும் ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் எனப் பெயர் குறித்து நியமியுங்கள். அன்றைய நாள் முழுவதும் அவருக்கு வேறு பணி கூடாது. பரிவட்டமும் மாலை மரியாதையும் கூடாது. சாமியைத் தூக்கச் சொல்லி அவரை அழைக்காதீர்கள். வாயிலை மூடு, ஊர்வலத்தைச் சற்று நிறுத்து, அந்த உணவைப் பரிமாறாதே என்று அவர் சொன்னால் அது நடக்க வேண்டும். தலைவரே எதிர்நின்றாலும் நடக்க வேண்டும். இதனை விழாவுக்கு முன்பே, தொண்டர் அனைவரும் கேட்கும்படி, தலைவர் தம் வாயாலேயே அறிவித்தல் வேண்டும். அப்போதுதான் கயிற்றைப் பிடித்து நிற்கும் தம்பிக்கு முதுகெலும்பு நிமிரும்.

முகூர்த்தம் தவறினால் தெய்வக் குற்றம் ஆகாதா என்ற வினா நியாயமானதே. அதனை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆனால் அதற்குரிய விடையை விழா நாளில் தேடக் கூடாது. எந்தச் சடங்கை எவ்வளவு நேரம் தள்ளலாம், எதனைத் தள்ளவே இயலாது என்பதை ஒரு மாதம் முன்பே சிவாச்சாரியாருடன் அமர்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். தள்ள இயலாதது ஒன்று என்றால், அதனைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் குறைக்க வழி காணலாம். கோவிட் கிருமிப் பரவலின்போது நாம் கண்டது நினைவிருக்கும். 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் காவடி இல்லை, பாத ஊர்வலம் இல்லை. பால்குடங்களைக் கோயிலாரே ஆயத்தம் செய்து வைத்தனர். பக்தர்கள் முன்பதிவு செய்த நேரத்தில் வந்து செலுத்திச் சென்றனர். 2022ஆம் ஆண்டிலும் ஊர்வலம் இல்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் காவடிகள் மீண்டும் சிராங்கூன் ரோட்டில் இறங்கியபோது பக்தி ஒரு குன்றிமணியும் குறைந்திருக்கவில்லை. ஈராண்டு நிறுத்திவைக்க முருகன் இசைந்தான் என்றால், இடி மின்னலுக்காக அரை மணி நேரம் நிறுத்திவைக்க இசையமாட்டானா?

இடி மின்னல் என்றேன். உலகில் மின்னல் மிகுதியாக விழும் இடங்களுள் நம் சிங்கப்பூரும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது மிகுதி. தீபாவளிக்கு முன்னர் வரும் தீமிதி, புரட்டாசிச் சனிக்கிழமைகளின் பிற்பகுதி ஆகியன அக்டோபர், நவம்பரை ஒட்டியே வருகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். மின்னல் கண்டு முப்பது விநாடிக்குள் இடியோசை கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அடுத்தது நம் தலைமேல் விழக்கூடும். அப்போது திறந்த வெளியில் நிற்பவர்கள் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வருதல் கூடாது. இரும்புக் கால்கள் நட்ட கூடாரம் மழையைத் தாங்கும். மின்னலிலிருந்து அது காக்காது. மரத்தடியும் அவ்வாறே. உயரமான அலங்காரக் கம்பிகளை ஏந்தி நிற்பவரை முதலில் உள்ளே அழைத்து வாருங்கள்.

காற்றையும் குறைவாக மதிப்பிடலாகாது. சுமத்ராக் காற்று என்று நாம் அழைக்கும் புயற்காற்று பெரும்பாலும் விடியற்காலையில் வீசுவது; கூடாரத்தில் தொண்டர்கள் உறங்கும் நேரம் அது. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தெங்காவில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாயிற்று. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மாலையில் வீசிய காற்றின் வேகம் 80 கிலோமீட்டரைக் கடந்தது. தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன. கூடாரக்காரர் கால்களில் மணல் மூட்டை வைத்துவிட்டேன் என்று சொல்வார். அவர் சென்றபின் நீங்களே ஒவ்வொரு காலையும் அசைத்துப் பாருங்கள். வழிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரேனும் மூட்டைகளை நகர்த்தியிருப்பார்கள். இது எல்லா விழாக்களிலும் நான் காணும் காட்சி.

இனி வெயில். தைப்பூசத்தன்று முற்பகல் பதினொரு மணிக்கு மேல் காவடி தூக்கி வருபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். முதல் நாளிரவு உறக்கமில்லை, பல நாள் ஒருவேளை உணவு, தோளில் பெருஞ்சுமை, காலில் செருப்பில்லை, கீழே தார்ச்சாலை. நம் நாட்டில் வெப்பநிலை ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. காற்றின் ஈரப்பதம் மிகுதியாக இருக்கும்போது வியர்வை உலராது, உடல் குளிராது. அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியமும் வானிலை ஆய்வகமும் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் அளவினை வெளியிடுகின்றன. 2023ஆம் ஆண்டு முதல் அவ்வளவு 31 பாகைக்குக் கீழ் இருந்தால் குறைந்த அழுத்தம், 31 முதல் 33 வரை நடுத்தரம், 33ஐத் தொட்டால் கடுமை என்று மூன்று நிலையாகப் பிரித்துள்ளனர். கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

வெயிலில் தள்ளாடுபவர் அனைவரும் அருள் வந்து ஆடுபவர் அல்லர். இதனை மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன். அருள் வந்தவரை நாம் வணங்குகிறோம், விலகி நிற்கிறோம், அது மரபு. ஆயின் வெப்பத்தாக்கு வந்தவரும் பேச்சுக் குழறுவார், கண் செருகுவார், யார் அழைத்தாலும் அறியமாட்டார். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் அருமை. தொட்டுப் பாருங்கள்; உடல் அனலாகக் கொதித்தால் நிழலுக்குக் கொண்டுசென்று, காவடியை இறக்கி, நீர் ஊற்றி விசிறி, அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டி வைத்து, 995ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. இந்த வேறுபாட்டை உடனிருக்கும் குடும்பத்தாரே முதலில் உணர்வர். ஆதலால் தொண்டர்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்: "அண்ணன் வழக்கமாக இப்படித்தான் இருப்பாரா?" என்று.

சர்க்கரை நோயும் நம் இனத்தாரிடையே மிகுதி. 2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களாகிய இந்தியர்களுள் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு அது இருந்தது. நோன்பிருந்து, மாத்திரையும் உட்கொண்டு, நாலு கிலோமீட்டர் போல நடக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். பானகம் என்று நம் முன்னோர் கொடுத்தது எதற்காக என்று இப்போது புரிகிறது. நினைவோடு இருக்கிறவராயின் ஒரு குவளை பானகம் அவருக்கு மருந்து. வெயிலில் வாடியவர்க்கு உப்பிட்ட நீர்மோரும் அவ்வாறே. தண்ணீர்ப்பந்தல் வைப்போர் நிறம் கலந்த இனிப்பு நீரை மட்டும் வைக்காமல் இவற்றையும் வைத்தால் நலம். மோரைப் பனிக்கட்டியின் மீது வைத்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

அன்னதானத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்ள மகளிர் அணித் தலைவி அவர்கள் இசைய வேண்டும். 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் உண்ட 154 பேர் நோயுற்றனர். பெண்கள் இருவர் இறந்தனர். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி, சமைத்த உணவுக்குத் தாவியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிலிருந்து வருவித்த பொட்டல உணவால் 82 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். நம் சமையலோ சைவம், ஆதலால் கவலையில்லை என்று நினைக்கலாகாது. சோற்றிலேயே ஒரு நுண்ணுயிர் உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகமாட்டா. சோறு இளஞ்சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்நஞ்சுள் ஒருவகை அழிவதில்லை. பெரிய அண்டாவில் வடித்த சோற்றின் நடுப்பகுதி எத்தனை மணி நேரம் இளஞ்சூடாகவே இருக்கும் என்பது அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்கு தெரியும். அதிகாலை இரண்டு மணிக்கு வடித்ததை நண்பகல் பூசை முடிந்து பரிமாறினால் பத்து மணி நேரம் ஆகிறது. சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது இந்நாட்டு உணவுத் துறையினர் வெளியிலிருந்து வருவிக்கும் உணவுக்கு வகுத்த வரையறை. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட சூடே கிருமிக்கு உகந்தது.

இதற்கு வழி, ஒரேயடியாகச் சமைக்காமல் தவணை தவணையாகச் சமைப்பதே. அண்டாவின் மேல் ஒரு தாளை ஒட்டி, இறக்கிய நேரத்தை எழுதுங்கள். நேரம் கடந்ததைக் கொட்டிவிடுங்கள். அன்னத்தைக் கொட்டுவதா என்று மனம் பதறும். என் தாயாரும் பதறுவார். குறைவாகச் சமைத்து, வேண்டுமாயின் மறுபடி சமைப்பதே அதற்கு மருந்து. தேங்காய்ச் சட்டினியும் தயிர்ச்சாதமும் வெயிலில் விரைந்து கெடுபவை; பகல் நேர அன்னதானத்தில் அவற்றைத் தவிர்த்தாலும் எவரும் குறை சொல்லார். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுப்போக்கு உள்ளவர் கரண்டியைத் தொடக் கூடாது. "வேண்டுதல், ஒரு கரண்டியாவது பரிமாற வேண்டும்" என்று வந்து நிற்பார்கள். வாயிற்கோலம் இடவும் பூத்தொடுக்கவும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள், வேண்டுதலும் நிறைவேறும். பிரசாதத்தால் கேடு வராது என்று நம்புவது பக்தர்களுக்கு அழகு. அதனைச் சமைப்பவர்களுக்கு அந்நம்பிக்கை ஆகாது; அவர்கள் கைகழுவியாக வேண்டும்.

சமையற்கட்டில் சுடுநீரோ சாம்பாரோ கொட்டினால் பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். குழாயைத் திறந்து இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். ஒருவர் சுருண்டு விழுந்து மூச்சின்றிக் கிடந்தால், 995ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தத் தொடங்குங்கள். இதய இயக்கக் கருவியைக் கொண்டுவர இன்னொருவரை அனுப்புங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. சாலை மூடப்பட்டிருக்கும் நாளில் மருத்துவ வண்டிக்கு வழி தெரியாது. எந்தச் சந்திப்பில் வண்டி வந்து நிற்கும், அதனை அழைத்து வரப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே குறித்து வையுங்கள். கூட்டத்தில் கைத்தொலைபேசி தொடர்பு அறுந்துபோகும். ஆகவே முதலுதவிப் பந்தல் எங்கே என்பது கேட்காமலேயே அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படிவம் பற்றி ஓரிரு சொற்கள் என்றேன். தேக்காவுக்கு அதிகத் தொலைவில் இல்லாத நிக்கல் நெடுஞ்சாலை 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இடிந்து நால்வர் மாண்டனர். அதன்பின் 2006ஆம் ஆண்டு மார்ச் முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது; 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் அது விரிவாயிற்று. ஆபத்தை உண்டாக்குபவரும், அதனைக் குறைக்க வல்லவரும் எவரோ அவரே பொறுப்பு என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. இடர் மதிப்பீடு என்னும் படிவம் அதன் வழியாக வந்ததே. பலரும் சென்ற ஆண்டின் தாளில் தேதியை மட்டும் மாற்றி ஒப்படைக்கின்றனர். அதனால் காகிதம் செலவாவதைத் தவிரப் பயன் ஒன்றும் இல்லை. விழா நடக்கும் இடத்தை ஒருமுறை இரவிலும் ஒருமுறை பகலிலும் சுற்றிவந்து, கண்டதை எழுதினால் ஒரு பக்கமே போதும்.

நிறைவாகத் தொண்டர்களைப் பற்றி. பிறர் நலம் காக்க வந்தவர்களின் நலத்தைக் காப்பவர் யார்? இருபது மணி நேரம் உறங்காமல் நிற்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். உறக்கம் கெட்டவன் கையிலிருக்கும் கொதிக்கும் வாளி பிறர்க்கு ஆபத்து. ஆறு மணி நேரத்துக்கு ஓர் அணி என்று பிரித்தால், பணி முடிந்தவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். விடியற்காலையில் தாமே வண்டியோட்டிச் செல்லவும் விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் நம் தமிழகத் தம்பிமாரை நினைத்துப் பாருங்கள். கூடாரம் கட்டுவதும், அண்டா இறக்குவதும், தேர் வடம் பிடிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தாம். கனமான பணி எதுவோ அது அவர்களுக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. அவர்களுள் ஒருவருக்குக் காயம் பட்டால் அதை மறைக்கிறார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு இடையூறு வருமோ, மருத்துவச் செலவை யார் தருவது என்ற அச்சம். துண்டைச் சுற்றிக்கொண்டு "ஒண்ணுமில்லைண்ணே" என்று சொல்லும் தம்பிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பெயரும் தொண்டர் பட்டியலில் இருக்க வேண்டும். ஆலயம் விழாவுக்கென எடுக்கும் காப்புறுதியில் தொண்டர்களும் அடங்குகின்றனரா என்பதைப் பொருளாளர் அவர்கள் ஒப்பந்தத்தை வாசித்து உறுதி செய்ய வேண்டும். காயம்பட்டால் செலவு ஆலயத்தைச் சேர்ந்தது என்று அவர்களிடம் முன்பே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

வெளியே மேசையில் விழாவுக்குரிய பணிப்பட்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வருமுன் அதனைப் பார்த்தேன். பந்தல், மாலை, நாதசுவரம், வரவேற்பு, காலணிப் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. காலணிக்கு மட்டும் ஆறு பேர். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற கட்டத்திலும், இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரையிலான முதலுதவிப் பந்தலுக்குரிய கட்டத்திலும் இன்னும் பெயர் எழுதப்படவில்லை. எழுதுகோலும் அங்கேயே இருக்கிறது. தேநீர் அருந்தச் செல்லும்போது அவ்விரண்டு கட்டங்களையும் நிரப்பிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.